கணவர் பெயர்

குடியாத்தம் தாலுக்கா ஆபீசில்
மின்விசிறிக்கு நேர்கீழே இருந்தவர்
தலை நிமிராமல் கேட்டார்:
'அந்தம்மா வூட்டுக்காரர் இன்னா ஆனார்?'
போயிட்டார் சார்.
'இறப்புச் சான்று வச்சிக்கிறியா?'
அப்படிப் போகவில்லை சார்.
எண்பத்தொன்பதில், கெங்கையம்மன் சிரசு முடிந்த மறுவாரம்,
பலமநேர் பஸ்ஸில்.

நெல்லூர்ப்பேட்டையில் இரண்டேகால் சென்ட்,
சிமெண்ட் ஷீட்டு, ஒரு முருங்கை, பாதியில் நின்ற சுவர்.
என் அக்கா கெங்கம்மாள்
பீடி சுற்றி வாங்கியது.
இலை மடக்கி மடக்கி ரேகை தேய்ந்த விரலை
ரேஷன் கடை மிஷினில் வைத்தால்
அவள் அவளில்லை என்று சொல்லும்.
புடவையில் துடைத்து மறுபடி வைப்பாள்.

பிள்ளை இல்லை. உயில் இல்லை.
போன அன்றைக்கும் முறத்தில்
எழுநூறு பீடி கட்டுப் போடாமல் கிடந்தது.
நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
தூள் குறைச்சல் என்று நூறைக் கழித்தார்கள்.
அவள் விட்டுப்போனதில்
சான்றிதழ் கேட்காமல் என் கைக்கு வந்தது
அந்தப் பணம் மட்டும்.

விடுதலைப் பத்திரம் எழுதலாமா என்றேன்.
பத்திர எழுத்தர் சீனிவாசலு
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
'எதுலர்ந்து விடுதலை? உனக்குப் பங்கே கெடையாது.
பிள்ளையில்லாத பொம்பளை சொத்து புருசனுக்கு.
அவன் இல்லன்னா அவன் ஆளுங்களுக்கு.
அப்புறம் தாய் தகப்பன்.
அதுக்கும் அப்புறம் நீ.
மொதல்ல அவர் பேருக்கு மாறட்டும்,
பெறகு அவர்கிட்ட நீ கிரயம் வாங்கிக்கோ.'

ராத்திரி அவள் மஞ்சள் பையைக் கொட்டினேன்.
குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை,
பீடித் தொழிலாளர் அட்டை, பேங்க் புத்தகம்,
எண்ணெய்க் கறையோடு ஆஸ்பத்திரிச் சீட்டு.
எல்லாவற்றிலும்
க/பெ ரேணுகோபால்.
ஆசையா அக்கா?
கட்டம் இருந்தது, நிரப்பியிருக்கிறாள்.
கேட்டிருந்தால்,
'காலியா வுட்டா திருப்பிக் குடுத்துர்றான்டா'
என்றிருப்பாள்.

அவர் வந்தார்.
தக்காளி மண்டியில் எடை போடுகிறவராம்.
மீசைக்கு மட்டும் மை.
கூட வந்த பையன்
பைக்கை விட்டு இறங்கவில்லை.
திட்டுவதற்கு ஆறு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன்,
டீ வாங்கிக் கொடுத்தேன்.
'கடைசியா இன்னா வியாதி?' என்றார். சொன்னேன்.
'இங்க சென்ட் இன்னா போகுது?' என்றார்.
அதையும் சொன்னேன்.
இரண்டு கேள்விக்கும் நடுவே
டீ ஆறியிருக்கவில்லை.

மின்விசிறிக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
ஆந்திர ஆதார். தெலுங்கு எழுத்தில்
அவர் வேணுகோபால்.
'அவரு வேற, இவரு வேற ஆச்சே.'
ஆமாம் சார் என்று தொண்டைவரை வந்தது.

'ஒண்ணும் பெருசில்ல. இருபது ரூபா பத்திரத்துல
ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு
பொறந்த வூட்டு ஆளு நீ எழுதிக் குடுத்துரு.'

நோட்டரி அறையில் டைப் அடித்துத் தந்தார்கள்.
மேற்படி கெங்கம்மாளின் கணவர் ரேணுகோபால் என்பவரும்
இதில் கண்ட வேணுகோபால் என்பவரும்
ஒரே நபர்தான் என்று
உண்மையாக உறுதி கூறுகிறேன்.

பேனா மூடியைக் கழற்றினேன்.

முப்பத்து நாலு வருஷம் அவள் எழுதிவந்த ஆள்
எந்த பஸ்ஸும் ஏறியதில்லை.
கட்டத்துக்குள்ளேயே இருந்தான்.
ரேஷன் கடைக்கு வந்தான், ஓட்டுப் போட வந்தான்,
ஆபரேஷனுக்கு முன்னால் கையெழுத்துக் கேட்ட இடத்தில்
பெயராக வந்து நின்றான்.
அவனுக்கு வீட்டைக் கொடு என்றால்
கொடுத்துவிடுவேன்.

வெளியே பையன் ஹாரன் அடித்தான்.
நோட்டரி மணி பார்த்தார்.
'இன்னாப்பா யோசனை?
ஒரே ஆளுதானே?'